தொழில்முனைவுப் பாடத்தின் பலனை எப்படி அளப்பது?

கேள்வி இது: "எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் தொழில்முனைவுப் பாடம் நடத்தினோம். கடைசி வகுப்பில் கூகுள் ஃபார்ம் கொடுத்தோம். பெரும்பாலானோர் 'தொழில் தொடங்கும் எண்ணம் வந்திருக்கிறது' என்று டிக் செய்திருக்கிறார்கள். பாடம் பலன் தந்தது என்று இதை வைத்துச் சொல்லலாமா? முடியாது என்றால் எப்படி அளப்பது?"

சொல்ல முடியாது. பாடம் நடத்தியவரே ஃபார்ம் அனுப்பியிருக்கிறார், இன்டர்னல் மார்க்கும் அவர் கையில்தான் இருக்கிறது. அந்த நிலையில் மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மட்டுமே உங்களிடம் இருக்கிறது. பாடத்துக்கு முன்பே அவர்களில் எத்தனை பேருக்கு அந்த எண்ணம் இருந்தது என்பது தெரியாது. பாடமே இல்லாவிட்டாலும் அந்த நான்கைந்து மாதத்தில் எத்தனை பேருக்கு அது வந்திருக்கும் என்பதும் தெரியாது. இந்த இரண்டும் தெரியாதவரை எவ்வளவு பெரிய சதவீதம் வந்தாலும் அதற்குப் பொருள் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணம் கூடினால் பாடம் வெற்றி, குறைந்தால் தோல்வி என்று வைத்துக்கொள்வதே சரியா என்று முதலில் யோசிக்க வேண்டும். நெதர்லாந்தில் ஒரே கல்லூரிக்கு பிரெடாவிலும் டென் பாஸ்கிலும் வளாகங்கள் இருந்தன. பிரெடாவில் மட்டும் ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பின் மாணவர் கம்பெனித் திட்டம் நடந்தது. சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, பங்கு விற்று முதல் திரட்டி, பொருள் விற்று, ஆண்டு முடிவில் கணக்கை முடித்துக் கலைத்துவிடுவார்கள். 2010இல் வெளியான ஆய்வில் ஊஸ்டர்பேக், வான் பிராக், ஐசெல்ஸ்டைன் மூவரும் இரு வளாக மாணவர்களையும் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து ஒப்பிட்டார்கள். திறன்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்திருந்தது. ஒரு வருடம் கம்பெனி நடத்திப் பார்த்தவருக்கு 'இது எனக்கு ஒத்துவராது' என்று புரிந்திருக்கலாம் என்பது இதற்கு இயல்பான விளக்கம். அதே 2010இல் வெளியான மியூனிக் பல்கலைக்கழக ஆய்விலும் கட்டாயப் பாடத்துக்குப் பிறகு எண்ணம் சற்றுக் குறைந்தது, ஆனால் திறன் கூடியதாக மாணவர்களே மதிப்பிட்டார்கள். தனக்கு இது பொருந்துமா பொருந்தாதா என்று மாணவர்கள் தெளிந்து பிரிந்ததற்கான தடயங்கள் அதில் தெரிந்தன.

ஒத்துவராது என்று 20 வயதில் கல்லூரிக்குள்ளேயே தெரிந்துகொள்வது லாபம். 30 வயதில் வீட்டு நகையை அடகு வைத்த பிறகு தெரிவது நஷ்டம். சராசரி எண்ணத்தை மட்டும் பார்க்கும் அளவீட்டில் முன்னது தோல்வி என்று பதிவாகும். அதனால் சராசரியோடு விரிவையும், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தையும், பாருங்கள். முன்பு எல்லோரும் 7க்கு 4 என்று நடுவில் குவிந்திருந்து, பிறகு பாதிப் பேர் 2க்கும் மீதிப் பேர் 6க்கும் நகர்ந்தால் சராசரி அசையாது. அந்தப் பாடம் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியுமா?

இத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் எச்சரிக்கிறார்கள். 2013இல் 42 ஆய்வுகளைத் தொகுத்தபோது, முறை தளர்வான ஆய்வுகளில்தான் பலன் பெரிதாகத் தெரிந்தது. 2014இல் 73 ஆய்வுகளில் 37,285 பேரின் தரவைத் தொகுத்தபோது கல்விக்கும் எண்ணத்துக்கும் 0.143 என்ற சிறிய தொடர்பு (1 என்றால் முழுத் தொடர்பு) கிடைத்தது. பாடத்துக்கு முன்பிருந்த எண்ணத்தைக் கணக்கில் சேர்த்ததும் அதுவும் குறிப்பிடத்தக்கதாக நிற்கவில்லை. ஏற்கனவே ஆர்வம் உள்ளவர்கள் அந்தப் பாடத்தைத் தேடி எடுத்திருக்கலாம்.

சரி, எதை அளப்பது? ஆறு விஷயங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: அறிவு, செயல்திறன், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை, எண்ணம், செயல், நீண்டகால விளைவு. இவை ஒரே திசையில் நகரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெதர்லாந்தின் தொடக்கப்பள்ளிகளில் 11, 12 வயதுக் குழந்தைகளுக்கு நடந்த ஒரு குறுகியகாலத் திட்டத்தைக் குலுக்கல் முறையில், அதாவது யாருக்குத் திட்டம் என்பதைக் குலுக்கிப் போட்டு, சோதித்தார்கள். துணிவு, விடாமுயற்சி போன்ற குணத்திறன்கள் கூடின, தொழில் பற்றிய அறிவு கூடவில்லை, எண்ணம் குறைந்தது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கியிருந்தால் எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தெரிந்திருக்கும்.

எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனை குழு அமைந்தது, எவ்வளவு விதைப்பணம் கொடுத்தோம் என்பவை இந்த ஆறில் எதிலும் சேராது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2019இல் தொழில்முனைவு மனநிலைப் பாடம் வந்தது. பிறகு 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு பிசினஸ் பிளாஸ்டர்ஸ் திட்டத்தில் தலா 2,000 ரூபாய் விதைப்பணம் தரப்பட்டது. அத்தகைய திட்டத்தில் பணம் போய்ச் சேர்ந்தது என்பது நிர்வாகக் கணக்கு. கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவுக்கான கோப்பில் அதற்கு இடம் உண்டு, பலன் அறிக்கையில் கிடையாது.

எண்ணத்தையும் நம்பிக்கையையும் அளக்கச் சொந்தமாகக் கேள்வி எழுதாமல், சோதித்த கேள்வித்தாளையே எடுங்கள். உளவியலாளர் ஐசன் 1991இல் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டின் மேல், லின்யானும் சென்னும் 2009இல் ஸ்பெயினிலும் தைவானிலும் சோதித்து வெளியிட்ட கேள்வித்தாளை உலகெங்கும் எடுத்தாளுகிறார்கள். எண்ணத்துக்கு மட்டும் அதில் ஆறு வாக்கியங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி அளவுகோல். திறன்களுக்கு, ஐரோப்பிய ஆணையம் தொழில்முனைவை 2016இல் 15 திறன்களாகப் பிரித்து வெளியிட்ட என்ட்ரிகாம்ப் சட்டகத்திலிருந்து உங்கள் பாடம் உண்மையில் தொடும் மூன்று நான்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பதினைந்தையும் அளந்தால் ஏதாவது ஒன்றில் தற்செயலாக 'பலன்' தெரிந்துவிடும்.

தமிழில் கேட்கும்போது ஒரு பொறி இருக்கிறது, பலரும் இதில் விழுகிறார்கள். 'தொழில்' என்ற சொல். 'நான் ஒரு தொழில் செய்ய விரும்புகிறேன்' என்ற வாக்கியத்தைப் படிக்கும் மாணவிக்கு வக்கீல் தொழிலும் ஆசிரியத் தொழிலும் தொழில்தான். அவர் 7 போடுவார், நீங்கள் அதைத் தொழில்முனைவு எண்ணம் என்று கணக்கில் சேர்ப்பீர்கள். 'வியாபாரம்' என்று மாற்றினால் மளிகைக் கடை மட்டும் மனதில் வரும். 'ஸ்டார்ட்அப்' என்றால் ஆப் செய்வது என்று நினைப்பார்கள். அதனால் தாளின் தலைப்பிலேயே வரையறை கொடுத்துவிடுங்கள்: 'இந்தத் தாளில் சொந்தத் தொழில் என்றால், சம்பளத்துக்கு இல்லாமல், லாப நஷ்டம் உங்களுடையதாக இருக்கும் எந்த முயற்சியும். ஆன்லைனில் சேலை விற்பதும், சொந்த ஆட்டோ ஓட்டுவதும், பட்டறை நடத்துவதும் இதில் அடங்கும். குடும்பத் தொழிலில் சேர்வதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.' பிறகு பத்து மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்கள் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும். எதிர்மறை வாக்கியங்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். 'எனக்கு அந்த எண்ணம் இல்லை என்று சொல்ல முடியாது' போன்றவற்றை எடுத்துவிடுங்கள். ஆனாலும், படிக்காமலே எல்லாவற்றுக்கும் 7 போடுகிறவர்களைப் பிடிக்கத் தெளிவான எதிர்வாக்கியம் ஒன்றிரண்டு தேவை.

'ஒருநாள் தொடங்குவேன்' என்பதற்கு எல்லோரும் ஆம் சொல்வார்கள். காலமும் எண்ணும் வைத்துக் கேளுங்கள்: 'இன்றிலிருந்து 3 ஆண்டுக்குள் நீங்கள் சொந்தத் தொழில் தொடங்கியிருக்க 100க்கு எத்தனை வாய்ப்பு?' பின்னாளில் உண்மையில் தொடங்கியவர்களோடு ஒப்பிட்டு, யாருடைய கணிப்பு சரியானது என்றும் இதை வைத்துப் பார்க்கலாம்.

திறன் பற்றி மாணவரிடமே கேட்பதில் வேறு ஒரு கோளாறு வரும். பாடத்துக்கு முன், 'எனக்கு விலை நிர்ணயிக்கத் தெரியும்' என்பதற்கு ஒருவர் 6 போடுகிறார். விலையில் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது என்று கற்ற பிறகு அதே வாக்கியத்துக்கு 4 போடுகிறார். கற்றதால் மதிப்பெண் குறைந்துவிட்டது. அளவுகோலே நகர்ந்துவிட்டதால் வருவது இது. 'பாடத்துக்கு முன் எவ்வளவு தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறீர்கள்?' என்று முடிவில் கேட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். அதில் எதிர்ப்பக்கக் கோளாறு வரும்: முன்னேறியதாகக் காட்ட, பழைய மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுவார்கள். ஆகவே திறனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள்.

மாதிரிக்கு ஒன்று. அரைமணி நேரம், ஒரு பக்கத் தாள், கால்குலேட்டர் அனுமதி. 'ஒரு பெண் இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கிறார். இட வாடகை மாதம் 6,000 ரூபாய், கிரைண்டர் தவணை 2,500, உதவியாளர் சம்பளம் 9,500. ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபாய். அரிசி, உளுந்து, கவர், மின்சாரம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 32 ரூபாய் செலவு. கையைக் கடிக்காமல் இருக்க மாதம் எத்தனை பாக்கெட் விற்க வேண்டும்? போட்டதில் பத்தில் ஒன்று புளித்து வீணானால் கணக்கு எப்படி மாறும்? அவர் வேறென்ன செலவை விட்டுவிட்டார்? விலையை 55 ஆக்கலாமா என்று கேட்டால், முடிவு சொல்வதற்கு முன் எந்த இரண்டு தகவலைத் தேடிப் போவீர்கள்?'

நிலைச்செலவு 18,000. பாக்கெட்டுக்கு மிச்சம் 18. ஆக 1,000 பாக்கெட். இங்கே வழக்கமாக வரும் பிழை 18,000ஐ 50ஆல் வகுத்து 360 என்று எழுதுவது. மாறும் செலவு என்ற கருத்தே பிடிபடவில்லை என்பதற்கு அது அடையாளம். வீணாவதைச் சேர்த்தால், போடும் 100 பாக்கெட்டில் 90தான் விற்கும். வரவு 4,500, செலவு 3,200, மிச்சம் 1,300. ஒரு பாக்கெட்டுக்கு 13 என்றால் 1,385 பாக்கெட் போட்டாக வேண்டும். '1,000உடன் 10 சதவீதம் சேர்த்து 1,100' என்று எழுதுகிறவர் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறார். வீணாகும் பாக்கெட்டுக்கும் 32 ரூபாய் போய்விட்டது என்பதை அவர் பார்க்கவில்லை. மூன்றாம் கேள்விக்கு அந்தப் பெண்ணின் சொந்த உழைப்புக்கான கூலியை எழுத வேண்டும். முதல் முறை பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுவது மிகச் சகஜம். கடைசிக் கேள்விக்கு ஒரே சரியான விடை கிடையாது. பக்கத்துக் கடை விலை, வாங்குகிறவர்கள் விலைக்கு எப்படி அசைவார்கள் என்று சொல்லும் ஏதாவது ஒரு தகவல், இப்படி எழுதினால் முழு மதிப்பெண். 'நன்றாக விளம்பரம் செய்வேன்' என்றால் பூஜ்யம்.

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, எந்தப் பதிலுக்கு எத்தனை என்று முன்கூட்டியே எழுதிய மதிப்பெண் விளக்கம் வேண்டும். திருத்துகிறவர் இருவர், மாணவர் பெயரும், எந்தக் குழு என்பதும், பாடத்துக்கு முன் எழுதிய தாளா பின் எழுதியதா என்பதும் அவர்களுக்குத் தெரியக் கூடாது. முதல் 20 தாளில் இருவரும் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்டால், விளக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். அதே கதையை இரண்டு முறையும் கொடுத்தால் முதல் முறையின் நினைவே மதிப்பெண்ணைக் கூட்டிவிடும். தையல் கடைக் கணக்காக இணையான இன்னொரு தாள் தயாரியுங்கள். பாதிப் பேருக்கு முதலில் மாவு, பிறகு தையல். மீதிப் பேருக்கு மாற்றிக் கொடுங்கள்.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. இதுதான் உயிர். ஒரு கற்பனைக் கணக்கு: பாடம் படித்தவர்களின் சராசரி 4.2இலிருந்து 4.8 ஆனது. படிக்காதவர்கள் 4.1இலிருந்து 4.5 ஆனார்கள். பாடத்தின் கணக்கில் வரவு வைக்கக்கூடியது 0.6 அல்ல, 0.2. மீதி 0.4 எப்படியும் வந்திருக்கும்: வயது கூடியது, வேறு பேராசிரியர் ஊக்கப்படுத்தினார், ஊரில் யாரோ கடை போட்டு ஜெயித்தார், எதுவாகவும் இருக்கலாம்.

இருக்கைகளைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. குலுக்கிப் போடலாம். துனிசியாவில் 2009-10இல் இப்படித்தான் செய்தார்கள். பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டுக்குப் பதிலாகத் தொழில் திட்டம் எழுதும் வாய்ப்புக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சுயதொழில் 1 முதல் 4 சதவீதப் புள்ளி கூடியிருந்தது, மொத்த வேலைவாய்ப்பில் மாற்றம் இல்லை. சம்பள வேலைக்குப் போயிருக்கக்கூடிய சிலர் சொந்தத் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவே. நான்கு ஆண்டு கழித்து அந்தச் சுயதொழில் பலனும் கரைந்துவிட்டது. முதல் ஆண்டோடு ஆய்வை முடித்திருந்தால் வேறு கதை எழுதியிருப்பார்கள்.

உங்களிடம் 70 இடத்துக்கு 140 பேர் விண்ணப்பித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண் பெண், குடும்பத்தில் தொழில் உண்டா இல்லையா என்று நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். குடும்பத் தொழில் பின்னணி பிற்கால முடிவை வலுவாகத் தீர்மானிக்கும் காரணி. அது ஒரு பக்கமே குவிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எக்செலில் தற்செயல் எண் தரும் ரேண்ட் (RAND) சூத்திரம் போட்டு எண் வாங்கி, வரிசைப்படுத்தி, மேல்பாதியைப் பாடத்துக்கு எடுங்கள். அந்தச் சூத்திரம் தாளில் எங்கே கைவைத்தாலும் புதிய எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எண் வந்ததும் நகலெடுத்து, வெறும் மதிப்பாக ஒட்டி உறையவைத்துவிட்டுப் பிறகு வரிசைப்படுத்துங்கள். இல்லையென்றால் மறுநாள் ஃபைலைத் திறக்கும்போது பட்டியலும் எண்ணும் பொருந்தாது, 'யாருக்கோ வேண்டியவரைச் சேர்த்துவிட்டார்கள்' என்ற பேச்சும் கிளம்பும். துறைத்தலைவர் ஒருவர், மாணவர் இருவர் முன்னால் செய்து, அன்றே பிரின்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இடம் கிடைக்காதவர்களை என்ன செய்வது? அடுத்த செமஸ்டரில் பாடம் தரலாம் என்பது நியாயமான யோசனைதான். ஆனால் தந்த நாளிலிருந்து ஒப்பீட்டுக் குழு செத்துவிடும், 18 மாதம் கழித்து எடுக்க வேண்டிய கணக்கு போச்சு. அதே நேரம் பிடிக்கும் வேறு பயனுள்ள பாடம் ஒன்றை, உதாரணமாகத் தரவுப் பகுப்பாய்வை, அவர்களுக்குக் கொடுப்பதே மேல். 'நம்மையும் கவனிக்கிறார்கள்' என்ற உணர்வால் வரும் மாற்றம் இரு பக்கமும் சமமாகிவிடும் என்பது கூடுதல் வசதி.

பாடம் கட்டாயம் என்றால் குலுக்க முடியாது. துறைவாரியாகச் செமஸ்டர் தள்ளித் தொடங்கலாம், அல்லது அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்த, அந்தப் பாடம் இல்லாத கல்லூரியை ஒப்பிட எடுக்கலாம். எதைச் செய்தாலும் முன் அளவீடு இரு பக்கமும் தேவை. 'ஏ செக்ஷனுக்குப் பாடம், பி செக்ஷனுக்கு இல்லை' என்ற வழக்கமான ஏற்பாட்டை நம்பாதீர்கள். 60 பேர் இருந்தாலும் ஒரே ஆசிரியர், ஒரே டைம்டேபிள், ஒரே வகுப்புச் சூழல். கணக்குப்படி அது ஒன்றுக்கு ஒன்று ஒப்பீடுதான். ஏ செக்ஷன் ஆசிரியர் கெட்டிக்காரர் என்பதையும் பாடம் நல்லது என்பதையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கில்தான் கல்லூரி அளவு ஆய்வுகள் கவிழ்கின்றன. வழக்கமான 5 சதவீதப் பிழை எல்லை (இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீதக் கண்டறியும் வலு (இருக்கும் பலனைப் பிடிக்கும் வாய்ப்பு) என்று வைத்தால், திட்ட விலக்கத்தில் பாதி அளவு மாற்றத்தைக் காண ஒரு பக்கம் 64 பேர் போதும். ஐந்தில் ஒரு பங்கு மாற்றத்தைக் காண 393 பேர் வேண்டும். கல்வித் திட்டங்கள் தரும் மாற்றம் பெரும்பாலும் இந்தச் சிறிய அளவைச் சேர்ந்தது. முன் அளவீட்டைக் கணக்கில் சேர்த்து, முன் மதிப்பெண்ணும் பின் மதிப்பெண்ணும் சேர்ந்து நகரும் அளவு, அதாவது ஒட்டுறவு, 0.6 ஆக இருந்தால் 393 என்பது சுமார் 252ஆகக் குறையும். முன் அளவீடு எடுப்பதற்கு இதுவே போதுமான கூலி. தனி மாணவரைக் குலுக்காமல் 60 பேர் கொண்ட வகுப்புகளைக் குலுக்கினால், ஒரே வகுப்பு மாணவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு 0.05 மட்டுமே என்றாலும் தேவை 3.95 மடங்கு ஏறும்: 393 என்பது ஒரு பக்கம் 1,550க்கு மேல், அதாவது 26 வகுப்பு. 'உண்மையில் தொழில் தொடங்கினார்களா' என்பதை எடுத்தால் இன்னும் கடினம். தொடங்கும் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 4 ஆவதைப் பிடிக்கவே ஒரு பக்கம் சுமார் 1,140 பேர் வேண்டும். ஒரே கல்லூரி அந்தக் கேள்விக்குத் தனியாக விடை சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து கல்லூரிகள் ஒரே கேள்வித்தாளோடு சேர்ந்தால் முடியும்.

எப்போது அளப்பது? முதல் அளவீடு, பாடத்தின் முதல் வகுப்புக்கு முன்பே நடக்க வேண்டும். முதல் வகுப்பில் ஊக்க உரை கேட்ட பிறகு கொடுத்தால் அது முன் அளவீடே இல்லை. இரண்டாவது, கடைசி வாரத்தில். மூன்றாவது ஆறு மாதம் கழித்து, நான்காவது பட்டம் முடிந்து 12 முதல் 18 மாதத்தில். முடிந்தால் மூன்று நான்கு ஆண்டில் ஒன்று. இறுதியாண்டு மாணவர் என்றால் கேம்பஸ் இன்டர்வியூ நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆஃபர் லெட்டர் வந்த வாரத்தில் எல்லோருடைய எண்ணமும் சரியும், ஆஃபர் வராத வாரத்தில் சிலருக்கு ஏறும். நீண்டகாலம் காத்திருப்பதற்குப் பலன் உண்டு. ஸ்வீடனில், பிரெடாவில் நடந்த அதே மாணவர் கம்பெனித் திட்டத்தில் பள்ளிக் காலத்தில் பங்கேற்றவர்களை, அவர்களைப் போன்ற மற்றவர்களோடு பொருத்தி, 16 ஆண்டு வரை அரசுப் பதிவேடுகளில் பின்தொடர்ந்தார்கள். தொழில் தொடங்கும் வாய்ப்பும் அதில் வருமானமும் கூடியிருந்தன, நிறுவனங்கள் தாக்குப்பிடிப்பதில் வித்தியாசம் இல்லை. உகாண்டாவில் மேல்நிலை மாணவர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி கொடுத்து மூன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது வருமானம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருந்தது. அது குலுக்கல் முறை ஆய்வு. பிரெடாவில் ஆண்டு முடிவில் குறைந்த எண்ணத்தை இவற்றோடு வைத்துப் பார்த்தால், எண்ணமும் செயலும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பது தெரியும்.

பின்தொடர்வதில் எல்லாமே தொலைபேசி எண்ணில் நிற்கிறது. மாணவர்கள் வேலைக்குப் போனதும் எண் மாற்றுவார்கள். முதல் நாளே அவருடைய எண்ணோடு அம்மா அல்லது அப்பா எண், ஊரில் மாறாமல் இருக்கும் ஒரு உறவினர் எண், மின்னஞ்சல் நான்கும் வாங்கிவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாட்ஸ்அப் செய்தியால் எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் குழந்தை, பெற்றோர் ஒப்புதல் தேவை. முதலாமாண்டில் 17 வயதுக்காரர் இருப்பார்கள், கவனம். எதற்காக வாங்குகிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று ஒப்புதல் தாளில் தமிழிலேயே எழுதுங்கள். முன் தாளையும் பின் தாளையும் இணைக்க 'அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதி, செல்போனின் கடைசி இரண்டு இலக்கம்' என்று மாணவரையே ரகசியக் குறியீடு எழுதச் சொல்வது ஒரு முறை. நம் ஊரில் அது சொதப்பும். ஒருமுறை தமிழில் எழுதுவார், ஒருமுறை ஆங்கிலத்தில், இன்னொருமுறை எண் மாறியிருக்கும். பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் எண்ணிட்ட அட்டை கொடுத்து, பெயர்ப்பட்டியலைத் தன்னிடம் பூட்டிவைப்பதுதான் உருப்படியான வழி.

'தொழில் தொடங்கினார்' என்றால் என்ன என்பதைத் தரவு வருவதற்கு முன் எழுதிவையுங்கள். சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இருந்தால் தொழில் என்று எடுக்காதீர்கள். அது இணையத்தில் இலவசமாக, சுய அறிவிப்பின் பேரில் கிடைப்பது. சான்றிதழுக்காக மட்டும் பதிவு செய்கிறவர் உண்டு, நன்றாக வியாபாரம் நடத்தியும் பதியாதவர் அதைவிட உண்டு. 'கடந்த 30 நாளில் உறவினர் அல்லாத ஒருவருக்காவது பணத்துக்கு விற்றீர்களா, எத்தனை ரூபாய்க்கு, எத்தனை மாதமாக நடக்கிறது, வேறு யாருக்காவது கூலி கொடுக்கிறீர்களா' என்று கேட்டால் பொய் சொல்வது கடினம். குளோபல் ஆன்ட்ரபிரனர்ஷிப் மானிட்டர் என்ற உலகளாவிய கணக்கெடுப்பில், ஊதியம் கொடுக்கத் தொடங்கி மூன்று மாதம் தாண்டாத முயற்சி தொடக்க நிலை, அதற்கு மேல் 42 மாதம் வரை புதிய தொழில். அதே எல்லைகளை எடுத்துக்கொண்டால் வெளியே ஒப்பிடவும் வசதி. சம்பள வேலையில் இருப்பவரையும் விடாதீர்கள். அங்கே புதிதாக ஏதாவது பொறுப்பெடுத்துத் தொடங்கினாரா என்று கேளுங்கள்.

கிடைக்காதவர்கள் கணக்கைக் கவிழ்ப்பார்கள். இதையும் கற்பனை எண்ணில் பாருங்கள். பாடக் குழு 70இல் 60 பேர் கிடைத்தார்கள், 6 பேர் தொடங்கியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு 70இல் 45 பேர்தான் கிடைத்தார்கள், 2 பேர் தொடங்கியிருக்கிறார்கள். 10 சதவீதம், 4.4 சதவீதம் என்று அழகாக எழுதிவிடலாம். ஆனால் கிடைக்காத அந்த 25 பேரில் நான்கு பேர் தொடங்கியிருந்து, பாடக் குழுவில் விடுபட்ட பத்துப் பேரில் யாரும் தொடங்காமல் இருந்தாலே போதும், இரு பக்கமும் 70க்கு 6. வித்தியாசமே இல்லை. ஒப்பீட்டுக் குழுவை விடாமல் துரத்துவது பாடக் குழுவைத் துரத்துவதைவிட முக்கியம் என்பது இதனால்தான். இடம் கிடைத்தும் பாதியில் நின்றவர்களைப் பாடக் குழுவிலிருந்து நீக்கவும் கூடாது. நிற்கிறவர்கள் ஆர்வம் குறைந்தவர்கள். அவர்களை எடுத்துவிட்டால் மீதி தானாகவே நன்றாகத் தெரியும்.

பகுப்பாய்வு இதற்குப் பிறகு எளிது. பின் மதிப்பெண்ணை விளைவாகவும், முன் மதிப்பெண், குழு, குலுக்கலுக்குப் பயன்படுத்திய கட்டங்கள் ஆகியவற்றைக் காரணிகளாகவும் வைத்து, ஒவ்வொரு காரணியின் பங்கையும் தனியே பிரித்துக் காட்டும் ஒரு ரிக்ரஷன் கணக்கு. எக்செலிலேயே வரும். வகுப்புகளைக் குலுக்கியிருந்தால் மட்டும் வகுப்புக் கொத்துக்கு ஏற்ற பிழைக் கணக்கு தேவை, அதற்கு ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் வேண்டும். ஒரு தலைப்பில் பல வாக்கியம் இருந்தால் அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7க்குக் கீழே போகிறதா பாருங்கள். போனால் அவற்றைக் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்காதீர்கள்.

ஆள் இல்லை, பணமும் இல்லை, 60 மாணவர் மட்டும்தான் என்றால்? மாவு, தையல் கணக்குகள் போன்ற செயல்தாள் இரண்டு, பாடம் எடுக்காத 60 பேர், முன்னும் பின்னும். ஆறு மாதத்தில் இரு பக்கத்துக்கும் போன். இதை ஒரு ஆசிரியரும் இரண்டு முதுகலை மாணவர்களும் சேர்ந்து முடிக்கலாம். அறிக்கையில் 'மாணவர்களிடம் தொழில்முனைவு மனப்பான்மை வளர்ந்தது' என்று எழுதாதீர்கள். இந்த மாதிரி எழுதுங்கள்: 'செயல்தாளில் பாடக் குழு இத்தனை மதிப்பெண், ஒப்பீட்டுக் குழு இத்தனை. வித்தியாசத்தின் 95 சதவீத நம்பக எல்லை இதிலிருந்து இதுவரை. எண்ணத்தின் சராசரி இவ்வளவு நகர்ந்தது, விரிவு இவ்வளவு மாறியது. ஆறு மாதத்தில் இத்தனை பேரை அடைய முடியவில்லை. குழுக்கள் குலுக்கிப் பிரிக்கப்படவில்லை.' கடைசி வாக்கியத்தை எழுதக் கை தயங்கும். எழுதிவிடுங்கள்.